கழுத்தில் விழுந்த பச்சைக் கோடு

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி வீட்டுப் பையன் போன ஞாயிற்றுக்கிழமை காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினான். கமர்ஷியல் தெருவில் ஆசையாக வாங்கிய வெள்ளி நிறச் செயின் இரண்டு மாதம் பளபளத்ததாம். இப்போது அது கிடந்த இடத்தில் பாசி படிந்ததுபோல் ஒரு பச்சைக் கோடு. "உடம்பிலிருந்த விஷத்தைச் செயின் இழுத்துவிட்டது, நல்லதுதான்" என்று அவன் பாட்டி தீர்ப்பே சொல்லிவிட்டாராம். "நிஜமா மாமா?" என்றான்.

நடந்தது நேர்மாறு. செயினிலிருந்த செம்பை அவன் வேர்வைதான் இழுத்திருக்கிறது.

இதுபோன்ற மலிவுச் செயினில் வெள்ளி மருந்துக்குக்கூட இருக்காது. உள்ளே பெரும்பாலும் பித்தளை. அதாவது செம்பும் துத்தநாகமும். மேலே நிக்கல், அதற்கும் மேலே கடைக்காரர்கள் 'ரோடியம் பாலிஷ்' என்று சொல்லும் பூச்சு. பெயர்தான் பாலிஷ், வேலை மின்முலாம். பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான்: செலுத்திய மின்சாரத்துக்கு ஏற்ற அளவு உலோகம் படியும். ரோடியம் பிளாட்டினத்தின் பங்காளி, விலையும் அப்படி. ஆகவே மலிவுச் செயினுக்கு மின்சாரத்தைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். பூச்சு ஒரு மைக்ரான்கூடத் தேறாது. தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான்.

அவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். வேடிக்கை அங்கேதான் தொடங்குகிறது. துளைக்குள் வேர்வை இறங்கியதும் இரண்டு வேறு உலோகங்களும் நடுவே உப்புநீரும் சேர்ந்துவிடுகின்றன. மின்கலத்துக்கு வேறென்ன வேண்டும்? கழுத்தைச் சுற்றி ஆயிரம் குட்டி பேட்டரிகள்!

இதில் கரைவது யார்? குளியலறையிலுள்ள ஜி.ஐ. வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் மேல் துத்தநாகம். உலோகங்கள் எவ்வளவு எளிதில் கரையும் என்று சொல்லும் மின்வேதி வரிசையில் துத்தநாகம் −0.76 வோல்ட், இரும்பு −0.44; எண் குறைந்ததுதான் முதலில் கரையும். கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். செயினில் கதை தலைகீழ். ரோடியம் +0.76, செம்பு +0.34, நிக்கல் −0.25. மேலாடை அசையாது, உள்ளே இருப்பவர்கள் கரைவார்கள். கொடுமை இன்னொன்று: வேர்வையில் கரைந்த ஆக்சிஜன் ரோடியத்தின் பரப்பு முழுவதிலும் எலக்ட்ரான் கேட்கிறது, அத்தனையையும் கொடுக்க வேண்டியது ஊசிமுனைத் துளை. ஊர் முழுவதற்கும் ஒரே குழாய்! துளை குடையப்பட்டு, முதலில் நிக்கலும் பிறகு பித்தளையும் போகும். செம்பு அயனிகள் வேர்வையிலுள்ள குளோரைடோடும் அமிலங்களோடும் சேர்ந்தால் பச்சை உப்புகள்.

"மே மாதம் சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த பிறகுதான் இது" என்றான். பெங்களூர்க் குளிரில் இன்னும் சில மாதம் தாங்கியிருக்கும்.

இப்படி உலோகம் அரிக்கப்படுவதை ஆராய்வதற்கென்றே பேர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து வரவழைத்தது. ராக்கெட்டுக்குத் தட்டும் கையைத் துருவுக்கு யாரும் தட்டுவதில்லை. பாலங்களையும் குழாய்களையும் தின்பது துருதான் என்பதால் எனக்கு இதில் கோபமே உண்டு.

பச்சை சோப்புக்குப் போய்விடும். அரிப்பெடுத்துத் தோல் சிவந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். செயினைக் கழற்றிவிட வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

பாட்டி மூட்டுவலிக்கென்று செம்புக் காப்பு போட்டிருக்கிறார். அதன் அடியிலும் பச்சைதான். அவரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.