ஃப்ளைட் லாக்னா 'விமானப் பதிவு' இல்ல

ட்ரோன் பத்தி தமிழ்ல வர்ற வீடியோ, கையேடு, எதை எடுத்தாலும் ஃப்ளைட் லாக்கை, அதாவது ட்ரோன் ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் தானா குறிச்சு வைக்கிற விவரத்தை, 'விமானப் பதிவு'ன்னே போடுறாங்க, 'விக்கிறதுக்கு முன்னாடி விமானப் பதிவை நீக்கவும்'னு எழுதுறாங்க. போன வாரம் கூட பழைய ட்ரோனை விக்கப் போற ஒரு கல்யாண போட்டோகிராபர் தம்பி இதைப் படிச்சிட்டு "அண்ணே, இதை அழுத்துனா யூஐஎன் கேன்சல் ஆயிடுமா"ன்னு கேட்டாப்ல (யூஐஎன்னா ட்ரோனைப் பதிவு பண்ணும்போது அரசாங்கம் தர்ற அடையாள எண்). அவர் கேட்டதுல தப்பே இல்ல, எழுதுனவங்க தப்பு.

லாக் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கப்பல்லேர்ந்து. அந்தக் காலத்துல கயித்துல முடிச்சு போட்டு ஒரு கட்டையைக் கட்டி கடல்ல வீசுவாங்க, மணல் கடிகாரம் வடியறதுக்குள்ள எத்தனை முடிச்சு ஓடுதுன்னு எண்ணி கப்பலோட வேகத்தைக் கணிப்பாங்க, அதை எழுதி வச்ச புக்குதான் லாக்புக். அது அப்படியே விமானத்துக்கும் அங்கேர்ந்து கம்ப்யூட்டருக்கும் வந்துடுச்சு. வேகத்துக்குச் சொல்ற நாட் கூட அந்த முடிச்சுதான்.

சரி, 'பதிவு'ல என்ன பிரச்சனை? பதிவுன்னா ரெக்கார்டுதானேன்னு கேப்பீங்க, ஒலிப்பதிவு இருக்கு, வருகைப் பதிவு இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ட்ரோன் விஷயத்துல அந்த ஒரே சொல் ஏற்கனவே ரெண்டு வேலை பாத்துட்டு இருக்கு. ஒண்ணு ரெஜிஸ்ட்ரேஷன்: 2021 ட்ரோன் விதிகள் படி 250 கிராமுக்குள்ள இருக்குற நானோ ட்ரோனுக்கு என்ன விதிவிலக்கு, மத்ததுக்கு என்ன நடைமுறைன்னு பேசும்போது எல்லாரும் சொல்றது 'பதிவு'தான், டி-2 படிவத்துல பதிவு பண்ணி யூஐஎன் வாங்கணும், கைமாத்தணும்னாலும் ரத்து பண்ணணும்னாலும் டி-3 படிவம். இன்னொண்ணு வீடியோ: அதே ஸ்கிரீன்ல இருக்குற சிவப்புப் பட்டனுக்கும் 'பதிவு'ன்னுதான் பேர் வைக்கிறாங்க. இப்போ மூணாவதா லாக்குக்கும் அதையே வச்சா 'பதிவை நீக்கு'ங்கிற பட்டனைப் பாக்குற ஆள் எதை நீக்குறோம்னு எப்படித் தெரிஞ்சுக்குவார்? அரசாங்கப் பதிவையா, நேத்து எடுத்த கல்யாண வீடியோவையா, பறந்த குறிப்பையா? அதுலயும் விக்கும்போது முதலாவதை மாத்தணும், ரெண்டாவதை காப்பி எடுத்துக்கணும், மூணாவதை அழிக்கணும், மூணும் வேற வேற வேலை. ஒரே சொல்லைப் போட்டு மூணையும் குழப்புறது மொழிபெயர்ப்பே இல்ல, அகராதில முதல்ல வந்ததை எடுத்து ஒட்டுறது.

'விமான'மும் எனக்குப் பிடிக்கல, விமானப் பதிவுன்னா விடி-ன்னு ஆரம்பிக்கிற எழுத்துக்களை உடம்புல எழுதி வச்சிருக்குற பெரிய விமானத்தோட ரெஜிஸ்ட்ரேஷன்தான் ஞாபகம் வருது. ஃப்ளைட்டுங்கிறது இங்க வண்டி இல்ல, பறக்குற செயல். இலங்கைத் தமிழர்கள் 'பறப்பு'ன்னு எழுதுறாங்க, சுருக்கமா இருக்கு, நாமளும் எடுத்துக்கலாம்.

'பறப்புத் தடம்'னு ஒருத்தர் சொன்னார், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது போன வழியை மட்டும் சொல்லுது. லாக்குல வழி மட்டுமா இருக்கு? உயரம், வேகம், பேட்டரி வோல்டேஜ், ரிமோட்ல ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினீங்க, எத்தனை சேட்டிலைட் கிடைச்சுது, கிளம்பின இடத்தோட ஜிபிஎஸ், எல்லாம் இருக்கு. அந்தக் கிளம்பின இடம் பெரும்பாலும் உங்க வீட்டு மொட்டைமாடிதான். 'பதிவேடு'ன்னா பைலட் தன் கையால எழுதுற லாக்புக், அதுக்கு அது சரி. இயந்திரம் தானா குறிச்சு வைக்கிறதுக்கு பறப்புக் குறிப்புன்னு சொன்னா குழப்பமே வராது, குறிப்புன்னா ரெஜிஸ்ட்ரேஷன்னு யாரும் நினைக்கப் போறதில்ல.

அடுத்து அழிக்கிறது. எல்லாரும் 'நீக்கு'ன்னு போடுறாங்க, எனக்கு அதுவும் சரியாப் படல. மெமரி கார்டுல ஒரு ஃபைலை டெலீட் பண்ணா பட்டியல்லேர்ந்து பேர் மட்டும்தான் போகும், மேல வேற ஏதாவது எழுதப்படுற வரைக்கும் உள்ள இருந்தது அப்படியே கிடக்கும், மீட்டு எடுக்க சாஃப்ட்வேர் இருக்கு. அதுக்கு 'நீக்கு' சரி. திரும்ப எடுக்க முடியாதபடி பண்றதுதான் 'அழி'. ரெண்டையும் பிரிச்சு எழுதணும், பாதுகாப்பு விஷயத்துல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

இதைப் பிரிக்காததால வர்ற நஷ்டத்தைப் பாருங்க. எஸ்டி கார்டை ஃபார்மட் பண்ணிட்டு 'பதிவெல்லாம் நீக்கியாச்சு'ன்னு நிம்மதியா வித்துடுறாங்க. டிஜேஐ கம்பெனி ட்ரோன்ல குறிப்பு எஸ்டி கார்டுல மட்டும் இருக்கறதில்ல, சொல்லப்போனா அங்க இருக்கறது குறைவு, வீடியோ கேப்ஷன் ஆன் பண்ணியிருந்தா எஸ்ஆர்டிங்கிற சப்டைட்டில் ஃபைல்ல இடத்தோட விவரம் இருக்கும், அவ்வளவுதான். முக்கியமான குறிப்பு ட்ரோனோட உள் நினைவகத்துல டேட் (DAT) ஃபைலா ஒண்ணு, போன்ல ஆப்புக்குள்ள டெக்ஸ்ட் ஃபைலா ஒண்ணு, சிங்க் பண்ணியிருந்தா கணக்கோட சேர்ந்து சர்வர்லயும் ஒண்ணு. டிஜேஐயோட பழைய ட்ரோன் ஃபான்டம் 3-ல உள் நினைவகம்கிறதே போர்டுல கோந்து வச்சு ஒட்டின ஒரு மைக்ரோ எஸ்டி கார்டுதான், வெளிய இருக்குற கார்டை எத்தனை தடவை ஃபார்மட் பண்ணாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது.

மொழிபெயர்க்கிறவங்க ஆப்பைத் திறந்து ஒரு தடவை பாத்துட்டு எழுதினா போதும், இந்தத் தப்பு வராது. எக்ஸெல் ஷீட்ல வர்ற சொல்லை மட்டும் பாத்து எழுதுறதாலதான் 'ஹோம் பாயிண்ட்'டுக்கு 'முகப்புப் புள்ளி'ன்னு வருது, வெப்சைட்டோட முகப்பு மாதிரி. அது கிளம்பின இடம், திரும்பி வர்ற இடம், இவ்வளவுதானே.

அந்தத் தம்பிக்கு வாங்குறவர்கிட்ட கொடுக்க இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்: "ட்ரோன், போன், கணக்கு மூணுலயும் பறப்புக் குறிப்பை அழிச்சாச்சு. வீடியோவை காப்பி எடுத்தாச்சு. பதிவு டி-3 மூலமா உங்க பேருக்கு மாறும்." படிச்சிட்டு அவர் வேற சந்தேகம் எதுவும் கேக்கல.