9 டெராபைட் குடிபெயர 11 வினாடி

திருச்சியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் பழைய கணினி ஒன்றில் 4 ஹார்ட் டிஸ்க் மாட்டி, ட்ரூநாஸ் கோர் என்ற சேமிப்பக இயங்குதளத்தைப் போட்டு, அதற்குள் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வரை ஓடவிட்டு, ஹால் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். சினிமா, பாட்டு, மகளின் காதுகுத்து வீடியோ என்று எல்லாம் சேர்த்து 9 டெராபைட். கோர் பதிப்பு, லினக்ஸ் போலவே இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுவது. புதிய வளர்ச்சியெல்லாம் இப்போது லினக்ஸ் மேல் ஓடும் பதிப்புக்குப் போய்விட்டது. "நானும் மாறலாம் என்று பார்க்கிறேன் சார். ஆனால் 9 டெராபைட்டையும் எங்கே இறக்கி வைப்பது?" என்பது அவர் கேள்வி.

இறக்கவே வேண்டாம். இறக்கினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு மட்டும் போட்டுவிடுவோம். வீட்டில் இருக்கும் கிகாபிட் கேபிளில் வினாடிக்கு 110 மெகாபைட் போனால் அதிகம். 9 டெராபைட்டுக்கு ஒரு வழிப் பயணமே ஏறக்குறைய 23 மணி நேரம். திரும்பவும் ஏற்ற இன்னொரு 23. நடுவில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். கடன் கொடுக்க 9 டெராபைட் காலி டிஸ்க் வைத்திருக்கும் நண்பரும் வேண்டும்.

போன மாதம் என் வீட்டுப் பெட்டியில் இதே மாற்றத்தைச் செய்தேன். பழைய இயங்குதளம் இருந்த சின்ன எஸ்எஸ்டியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். வேறொரு எஸ்எஸ்டியில் லினக்ஸ் பதிப்பை நிறுவினேன். பெட்டியைத் திறந்ததுதான் திறந்தோம் என்று 4 டிஸ்க்கையும் வெளியே எடுத்துத் தூசி தட்டி, எது எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்காமலே திரும்ப மாட்டினேன். இயக்கி, 'இம்போர்ட் பூல்' என்ற பொத்தானை அழுத்தினேன். (டிஸ்க்குகள் சேர்ந்த கூட்டுக்குப் பெயர்தான் பூல்.) 11 வினாடி. மொத்தக் கோப்புகளும் வந்து உட்கார்ந்தன.

வரிசை மாற்றி மாட்டியது கவனத்துக்குரிய விஷயம். முன்பு ஓர் அலுவலகத்தில் ரெய்டு கார்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் அட்டை, போட்ட சர்வர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த டிஸ்க் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்ற விவரத்தை அந்தக் கார்டு தனக்கு மட்டுமே புரியும் பாஷையில் எழுதி வைத்திருந்தது. கார்டு செத்தபோது டிஸ்க்குகள் நன்றாகத்தான் இருந்தன. படிக்கத்தான் ஆள் இல்லை. அதே மாடல் கார்டைத் தேடி ரிச்சி தெருவில் ஒரு வாரம் அலைந்தேன்.

ட்ரூநாஸுக்குள் இருக்கும் கோப்பு முறைமையின் பெயர் ஜெட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரென்ஸும் 2001இல் ஆரம்பித்த வேலை, 2005இல் மூலநிரலோடு வெளியானது. இது வீட்டுப் பத்திரத்தை வீட்டுச் சுவருக்குள்ளேயே பதித்து வைக்கிறது. அதுவும் ஒரு படி இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பகுதியில் 2, வால்பகுதியில் 2, ஆக 4 லேபிள்கள். ஒவ்வொன்றும் 256 கிலோபைட். அதில் பூலின் பெயர், இந்த டிஸ்க்கின் தனி எண், இதோடு கூட்டுச் சேர்ந்த மற்ற டிஸ்க்குகளின் எண்கள் எல்லாம் இருக்கும். இயங்குதளம் விழித்ததும் எல்லா டிஸ்க்கின் லேபிளையும் படிக்கிறது, "நாங்கள் நாலு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்" என்று தெரிந்துகொள்கிறது. எந்தக் கேபிளில் யார் தொங்குகிறார் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

லேபிளைத் திருத்தும் விதமும் அழகு. நாலையும் ஒரே நேரத்தில் தொடாது. லேபிள்களுக்கு 0 முதல் 3 வரை எண். முதலில் 0, 2 ஆகிய இரண்டையும் எழுதும். பிறகு உச்சிப் பதிவை எழுதும். அதற்கு அப்புறம்தான் 1, 3. எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் ஒரு ஜோடி முழுசாக இருக்கும்.

அந்த உச்சிப் பதிவுக்குப் பெயர் ஊபர்பிளாக். டாக்ஸிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த நிறுவனம் பிறக்கும் முன்பே வைத்த பெயர். எனக்கு இந்த விஷயத்தில் தீராத மோகம் உண்டு, அதனால் கொஞ்சம் நின்றுதான் போகப் போகிறேன்.

உங்கள் கோப்பு பல துண்டுகளாக டிஸ்க்கில் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம் உண்டு: அதிலுள்ள பைட்டுகளைக் கூட்டிக் குழைத்து எடுத்த 256 பிட் எண். ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் பொருந்தாது. இதுவரை பாடப்புத்தகம். கேள்வி என்னவென்றால், அந்த எண்ணை எங்கே வைப்பது? துண்டுக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவார்களே, 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று, அதைப் பிள்ளையின் பையிலேயே கொடுத்தனுப்புவது மாதிரி. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வேறொரு பிள்ளை தன் சான்றிதழோடு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தால்? மச்சமும் சான்றிதழும் கச்சிதமாகப் பொருந்தும். பிள்ளைதான் வேறு.

டிஸ்க் இதை நிஜமாகவே செய்யும். "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுதாமல் விடும். அங்கே கிடக்கும் பழைய துண்டும் அதன் பழைய செக்சமும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும். சில சமயம் சரியான தரவைத் தவறான இடத்தில் எழுதிவிடும். இது கட்டுக்கதை இல்லை. 15 லட்சத்து 30 ஆயிரம் டிஸ்க்குகளை 41 மாதம் கவனித்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், செக்சம் பொருந்தாத சம்பவங்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

ஜெட்எஃப்எஸ் அடையாளத்தைப் பிள்ளையிடம் கொடுப்பதில்லை, அப்பாவிடம் கொடுக்கிறது. துண்டு எங்கே இருக்கிறது என்ற முகவரியும் அதன் செக்சமும் மேலே இருக்கும் துண்டில் ஒன்றாக இருக்கும். அந்த மேல் துண்டின் செக்சம் அதற்கும் மேலே, தாத்தாவிடம். இப்படி ஏறி ஏறிப் போனால் உச்சியில் ஊபர்பிளாக். அதற்கு மட்டும் அப்பா கிடையாது. அதனால் தன் அடையாளத்தைத் தானே வைத்திருக்கும். ரால்ஃப் மெர்கிள் 1979இல் முன்வைத்த மர அமைப்பு இது. பிட்காயினும் இதே மரத்தில்தான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது பணம் பண்ணியது, இது என் பாட்டு கேசட்டுகளைக் காப்பாற்றியது. எனக்கு எது பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது ஒரு துண்டைத் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய இடத்தில் அழித்து எழுதுவது கிடையாது. புதிய துண்டு காலி இடத்தில் எழுதப்படும். அதன் முகவரியும் செக்சமும் மாறிவிட்டதால் அப்பாவும் மாற வேண்டும், அவரும் புதிய இடத்தில். பிறகு தாத்தா. உச்சிவரை ஒரு புதிய கிளை முளைத்துவிடும். இவ்வளவு நேரமும் பழைய மரம் இலைகூட உதிராமல் அப்படியே நிற்கிறது. கடைசியாக ஒரே ஒரு புதிய ஊபர்பிளாக். அது விழுந்த கணத்தில் புதிய மரம் அமலுக்கு வருகிறது. எழுத்து வேலை நடக்கும்போது ஏறக்குறைய 5 வினாடிக்கு ஒருமுறை இது நடக்கும்.

ஊபர்பிளாக்கும் பழையதன் மேல் எழுதப்படுவதில்லை. லேபிளில் பாதி, அதாவது 128 கிலோபைட், இதற்கென்றே ஒதுக்கிய வளையம். 4 கிலோபைட் செக்டார் உள்ள டிஸ்க்கில் 32 அறைகள். ஒவ்வொரு முறையும் அடுத்த அறை. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண். இம்போர்ட் செய்யும்போது இயங்குதளம் இந்த அறைகளைத் துழாவி, செக்சம் சரியாக இருப்பவற்றில் எண் பெரியது எது என்று பார்த்து, அதைப் பிடித்து ஏறுகிறது. என்னுடைய 11 வினாடியின் சாரம் இவ்வளவுதான். 9 டெராபைட்டை யாரும் நகர்த்தவில்லை, உச்சியைத் தேடினார்கள்.

ஃப்ரீபிஎஸ்டி எழுதியதை லினக்ஸ் எப்படிப் படிக்கிறது? அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்கு அணு ஆயுத உருவகக் கணக்குகள் போடும் செக்வோயா என்ற சூப்பர் கணினிக்குப் பெரிய கிடங்கு தேவைப்பட்டது. அவர்கள்தான் ஜெட்எஃப்எஸ்ஸை லினக்ஸுக்குக் கொண்டுவந்து, நிரலையும் திறந்து வைத்தார்கள். 2020 நவம்பரில் ஓபன்ஜெட்எஃப்எஸ் 2.0 வந்தபோது இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிரல் என்றானது. அணுகுண்டுக்கு ஒதுக்கிய அரசுப் பணத்தின் ஒரு துளி, திருச்சியில் ஒரு காதுகுத்து வீடியோவுக்குக் காவல் நிற்கிறது. நம் ஊரில் பழைய நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் ஸ்கேன் செய்யப் பணம் கேட்டால் எப்படியாவது கிடைத்துவிடும், திறப்பு விழாவுக்குப் புகைப்படமும் வரும். அந்தக் கோப்புகள் 10 வருடம் கழித்து பிட் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் கருவிகளுக்கு யார் தருகிறார்கள்? என் எரிச்சல் இது, விடுங்கள்.

மூடநம்பிக்கைகளும் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, காற்றோட்டத் துளைகளை அடைக்காமல் வைத்தால் சரி. படித்தவர்களின் சாஸ்திரம்தான் பயமுறுத்துகிறது. பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேம் இல்லாமல் ஜெட்எஃப்எஸ் போட்டால், ஸ்க்ரப் எனும் சரிபார்ப்பே எல்லாக் கோப்பையும் அழித்துவிடும் என்பார்கள். ஈசிசி நல்லதுதான், எந்தக் கோப்பு முறைமைக்கும் நல்லது. ஜெட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் தனிச் சாபம் எதுவும் இல்லை என்று ஆரென்ஸே சொல்லியிருக்கிறார். டெராபைட்டுக்கு ஒரு கிகாபைட் ரேம் என்ற சூத்திரமும் அப்படித்தான். படம் ஓட்டும் வீட்டுக்கு 8 கிகாபைட்டே போதும்.

சரி, வாசகர் செய்ய வேண்டியது. பழைய பூல், ஃப்ரீபிஎஸ்டியின் குறியாக்க முறையான கெலியால் பூட்டப்பட்டிருந்தால் லினக்ஸால் திறக்க முடியாது. அந்த ஒரு கேஸில் மட்டும் 46 மணி நேரக் கணக்கு உங்களுக்குத்தான். பூட்டு இல்லையென்றால், பழைய இயங்குதளத்திலேயே பூலை 'எக்ஸ்போர்ட்' செய்துவிட்டு அணையுங்கள். செய்யாமல் வந்தால் "இது வேறொரு கணினியின் பயன்பாட்டில் இருந்தது" என்று தடுக்கலாம். இரண்டு கணினிகள் ஒரே மரத்தில் ஏறினால் மரம் மிஞ்சாது என்பதால் வைத்த தடுப்பு அது. உள்ளே போனதும் 'அப்கிரேடு' என்று ஒரு பொத்தான் ஆசை காட்டும். ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள். அழுத்திவிட்டால் புதிய அம்சங்கள் டிஸ்க்கில் பதிந்துவிடும், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபடலாம். டிராயரில் கிடக்கும் எஸ்எஸ்டிதான் அதுவரை உங்கள் காப்பீடு.

உண்மையான தொல்லை ஜெல்லிஃபின். கோரில் அது ஃப்ரீபிஎஸ்டி ஜெயிலுக்குள், அதாவது செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் அறைக்குள், ஓடியது. லினக்ஸில் ஜெயில் கிடையாது, அதே வேலையைச் செய்யும் கன்டெய்னர்தான். கோப்புகள் வந்துவிடும், நிரல் வராது. புதிதாக நிறுவி, பழைய தரவுத்தளத்தை அதன் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தரவுத்தளம் படங்களைப் பாதையை வைத்து நினைவில் கொள்வது. அதனால் ஜெயிலுக்குள் இருந்த அதே பாதையைக் கன்டெய்னருக்குள்ளும் கொடுங்கள். இன்னொன்று, கோப்பின் சொந்தக்காரர் டிஸ்க்கில் பெயராக இல்லை, எண்ணாக இருக்கிறார். புதிய பதிப்பில் செயலிகள் வழக்கமாக 568ஆம் எண் பயனராக ஓடும். அந்த எண்ணுக்குப் படிக்கும் அனுமதி கொடுக்காவிட்டால் படங்கள் இருந்தும் இல்லாதது போலத்தான்.

நான் பாதையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்த தொடர் முதல் எபிசோடில் போய் நின்றது. "எங்கே விட்டேன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். 200 மெகாபைட்கூட இல்லாத அந்தத் தரவுத்தளத்தைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. அதற்குள் அம்மா 4ஆம் எபிசோடுவரை மறுபடியும் பார்த்து முடித்திருந்தார்.