பதின்ம மணிநேரம்

புதுச்சேரியின் சேதராப்பட்டில் ஒரு தொழிற்கூடத்துக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதியபோதுதான் ‘பதின்ம மணிநேரம்’ என்ற சொல்லைத் தேட வேண்டி வந்தது. இரவு 10:15க்கு ஷிஃப்டுக்கு வந்து காலை 6:00க்குக் கிளம்பியவரின் வேலை நேரம் 7 மணி 45 நிமிடம். அதை நான் 7.45 என்று எழுதிக் கூலியோடு பெருக்கிவிட்டேன். சரியான எண் 7.75. ஒரு நாளைக்கு 18 நிமிடக் கூலி போயிற்று. 26 நாளில் 7.8 மணிநேரம், ஒரு முழு இரவு உழைப்பு.

இந்த எண்ணை ஆங்கிலத்தில் டெசிமல் ஹவர் என்பார்கள். டெசிமல், பத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பள்ளியில் படித்த ‘தசமம்’ வடமொழி, அதுவும் பத்துதான். தமிழில் பதின்மம். பின்னம் என்பதும் வடசொல், ‘உடைந்தது’ என்று பொருள். நம் பழைய கணக்கில் அதற்குக் கீழ்வாய் இலக்கம் என்று பெயர்; முக்கால், அரை, கால், அரைக்கால் என்று இறங்கி 320இல் ஒரு பங்கான முந்திரி வரை போகும்.

ஹவருக்கு ‘மணி’ மட்டும் போதாது என்பது என் கருத்து. ஏழே முக்கால் மணி என்றால் கடிகாரம் காட்டும் பொழுது. ஏழே முக்கால் மணிநேரம் என்றால் கழிந்த அளவு. முன்னதை 7:45 என்றும் பின்னதை 7.75 என்றும் எழுதுகிறோம். பேச்சில் ‘நேரம்’ காட்டிவிடும் வேறுபாட்டை நான் எண்ணில் தவறவிட்டேன்.

காலத்தை அறுபதாகப் பிரிப்பது நமக்கும் பழக்கமே. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைச் சோழிகளை வைத்தே கணித்ததை, இந்தியக் காலக்கணிப்பு பற்றி நூல் எழுதிய ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம், தரவுத்தளத்திடம் இந்த எண்ணைக் கேட்கும் வினவலுக்கு வருவோம். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில், இரு நேரங்களின் இடைவெளியைத் தரும் டேட்டிஃப் (DATEDIFF) செயற்கூற்றை ஹவர் கணக்கில் கேட்டால், தாண்டிய மணி எல்லைகளை மட்டும் எண்ணும். 9:59க்கும் 10:01க்கும் இடையே 1 என்று சொல்லும். அதனால் நிமிடத்தில் கேட்டு 60.0ஆல் வகுக்க வேண்டும். வெறும் 60 என்று போட்டால் 465 நிமிடம் 7 ஆகிவிடும், முக்கால் உதிர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இரு நேரங்களின் வித்தியாசத்தை நொடிகளாக எடுத்து 3600ஆல் வகுக்கலாம். நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்குத் தேதியும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடை எதிர்ம எண்ணாக வரும்.

இப்போது அந்தச் சம்பளச் சீட்டில் 7.75க்குப் பக்கத்தில் ‘ஏழே முக்கால் மணிநேரம்’ என்று எழுத்தாலும் அச்சாகிறது.