வெயிட்எம்எஸ் 1000 ஏன் எட்டு விநாடி ஆகிறது? பேஸ்காம் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

ஏவிஆர் வகை மைக்ரோகன்ட்ரோலர் சிப்புகளுக்கு பேசிக் மொழியில் நிரல் எழுத உதவும் கம்பைலரான பேஸ்காம்-ஏவிஆரில் எல்இடியைச் சிமிட்ட வைக்கும் முதல் நிரல். டூ, டாகிள் போர்ட்பி.0, வெயிட்எம்எஸ் 1000, லூப். தலைப்பு வரிகள் போக நாலே வரி. ஏடிமெகா 8 சிப்பில் ஏற்றினால் எல்இடி விநாடிக்கு ஒருமுறை மாறாமல் எட்டு விநாடிக்கு ஒருமுறை சோம்பலாக மாறுகிறது. நிரலில் பிழை தேடிப் பயனில்லை. தலைப்பு வரியில் 8 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பேசிக்கில் மைக்ரோகன்ட்ரோலர் நிரல் எழுதுவதை விளையாட்டு வேலை என்று ஒதுக்குவோர் இன்னும் இருக்கிறார்கள். 1990களில் வந்த பேசிக் ஸ்டாம்ப் பலகையை மனத்தில் வைத்து அப்படிச் சொல்லலாம். அதில் நிரல் சுருக்கக் குறிகளாக ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) கிடக்கும். சிப்பில் இருக்கும் இன்டர்பிரட்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துச் செய்யும். விநாடிக்குச் சில ஆயிரம் கட்டளைகள்தான் ஓடும். நெதர்லாந்தின் எம்சிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் தரும் பேஸ்காமோ பேசிக் வரிகளை ஏவிஆரின் இயந்திரக் கட்டளைகளாகவே மாற்றி ஹெக்ஸ் கோப்பாகக் கொடுத்துவிடுகிறது. சிப்பில் இன்டர்பிரட்டர் எதுவும் உட்காருவதில்லை. வேகத்தைப் பற்றிய பழைய புகார் இங்கே செல்லாது.

சறுக்குவது வேறு இடத்தில். எந்த சிப், எந்த வேகம், ஸ்டாக்குக்கு (தற்காலிக எண்களை அடுக்கி வைக்கும் ராம் பகுதி) எவ்வளவு இடம் என்று நிரலின் தலையில் நாம் எழுதுவதைக் கம்பைலர் அப்படியே நம்புகிறது. மேசையில் இருக்கும் சிப்பை அது பார்த்ததில்லை. ‘டாலர் கிறிஸ்டல்’ என்ற வரி சிப்பின் கடிகாரத்தை மாற்றாது. அது கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்குமூலம். வெயிட்எம்எஸ் கணக்கும் சீரியல் போர்ட்டின் பாட் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) கணக்கும் அந்த எண்ணை வைத்தே போடப்படுகின்றன. உண்மையான வேகத்தை முடிவு செய்வது ஃப்யூஸ் பிட், அதாவது புரோகிராமர் வழியாகச் சிப்புக்குள் எழுதி வைக்கும் அமைப்பு பிட்.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஏடிமெகா 8, உள் ஆர்சி ஆசிலேட்டரில் (கடிகாரத் துடிப்பு தரும் சுற்று) 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதன் லோ ஃப்யூஸ் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்) ஈ1, ஹை ஃப்யூஸ் டி9. ஹெக்ஸ் எழுத்துகளை இங்கே ஒலிப்படியே தருகிறோம். ஏடிமெகா 328பி-யின் உள் ஆசிலேட்டர் 8 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் எட்டால் வகுக்கும் ஃப்யூஸ் போட்டே விற்பதால் அதுவும் 1 மெகாஹெர்ட்ஸில்தான் விழிக்கும். அதன் லோ ஃப்யூஸ் 62. உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் முழுதாக வேண்டுமானால் ஏடிமெகா 8-க்கு ஈ4, 328பி-க்கு ஈ2. வெளியே 8 அல்லது 16 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் வைத்தால் இரண்டுக்குமே எஃப்எஃப். கிறிஸ்டலின் இரு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று போட வேண்டும். ஏடிமெகா 8-இல் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கிறிஸ்டல் என்றால் ஹை ஃப்யூஸையும் சி9 ஆக்க வேண்டும். ஃப்யூஸில் பூஜ்யம் என்றால் ‘போடப்பட்டது’, ஒன்று என்றால் ‘போடப்படவில்லை’. இந்தத் தலைகீழ் வழக்கத்தால் கெட்ட சிப்புகள் ஏராளம்.

ஃப்யூஸ் எழுதும் முன் சிப்பின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள். ஏடிமெகா 8 என்றால் 1ஈ 93 07. 328பி என்றால் 1ஈ 95 0எஃப். பி இல்லாத வெறும் 328 என்றால் 1ஈ 95 14. கடையில் 328பி என்று கேட்டு 328 வாங்கி வந்து புரோகிராமர் கெட்டுவிட்டதாக நினைப்பது வழக்கமாக நடக்கும் கூத்து. மூன்றும் எஃப்எஃப் அல்லது 00 என்று வந்தால் ஒயரிங்கைப் பாருங்கள், அந்த நிலையில் ஃப்யூஸ் பக்கமே போகாதீர்கள். 28 கால் டிப் சிப்பில் ரீசெட் 1-ஆம் பின், மோசி 17, மிசோ 18, எஸ்சிகே 19. இன்னொன்று: ஐஎஸ்பி (சிப்பைப் பலகையில் வைத்தபடியே இந்தக் கம்பிகள் வழியாக நிரல் ஏற்றும் முறை) கடிகாரம் சிப்பின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. யூஎஸ்பிஏஎஸ்பி என்ற புரோகிராமர் வைத்திருப்போர் புதுச் சிப்பைப் படிக்கும்போது ஜேபி3 ஜம்பரை இணைத்து வேகத்தைக் குறைக்கலாம். வேகத்தை 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிய பிறகு எடுத்துவிடலாம்.

தவறான ஃப்யூஸ் எழுதி சிப் பேசாமல் போனால் உடனே குப்பையில் போட வேண்டாம். கிறிஸ்டல் வேண்டும் என்று எழுதிவிட்டு கிறிஸ்டல் வைக்காமல் விட்டிருந்தால், வைத்ததும் உயிர் வரும். வெளிக் கடிகாரம் என்று எழுதியிருந்தால் இன்னொரு ஏவிஆரின் டைமர் பின்னிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்து 9-ஆம் பின்னுக்குக் கொடுங்கள், கிரவுண்டுகளைச் சேர்த்துக்கொண்டு ஃப்யூஸைத் திருப்பி எழுதலாம். ரீசெட் பின்னை முடக்கும் ஃப்யூஸைத் தொட்டுவிட்டால் ஐஎஸ்பி கைவிடும். 12 வோல்ட் கொடுக்கும் ஹை வோல்டேஜ் புரோகிராமர்தான் மருந்து. அந்த ஒரு பிட்டைத் தொடவே வேண்டாம். பேஸ்காமில் ‘டாலர் புரோக்’ என்ற வரியால் நிரலோடு ஃப்யூஸையும் சேர்த்து எழுதும் வசதி உண்டு. அதே நிரலை நாளை வேறு வகைச் சிப்புக்கு மாற்றும்போது அந்த வரி கண்ணில் படாமல் தங்கிவிடும், ஆபத்து அங்கேதான்.

ஏடிமெகா 32 பயன்படுத்துவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் ஜேடேக் (பிழை தேட உதவும் இணைப்பு) இயங்கும் நிலையில்தான் வரும், ஹை ஃப்யூஸ் 99. அதனால் போர்ட் சி-யின் 2 முதல் 5 வரை நான்கு பின்களும் நம் பேச்சைக் கேட்காது. எல்சிடியை அந்தப் போர்ட்டில் மாட்டி, காட்சி வராமல் எல்சிடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஹை ஃப்யூஸை டி9 ஆக்கினால் சரியாகிவிடும்.

கடிகாரப் பொய் அடுத்து வெடிக்கும் இடம் சீரியல் போர்ட். 9600 பாட் கேட்டால் 8 மெகாஹெர்ட்ஸில் சிப் தருவது 9615, பிழை 0.2 சதவீதம், கவலையில்லை. 1 மெகாஹெர்ட்ஸில் அதே 9600 கேட்டால் சாதாரண முறையில் 8929-தான் கிடைக்கும், 7 சதவீதம் குறைவு. திரையில் குப்பை எழுத்து வரும். 8 மெகாஹெர்ட்ஸில் 115200 கேட்டால் 125000 கிடைக்கும், அதுவும் உதவாது. சீரியல் முக்கியம் என்றால் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் வாங்குங்கள். வழக்கமான பாட் வேகங்கள் எல்லாம் மீதியின்றி வகுபடும். ஏடிமெகா 8-இல் கிறிஸ்டல் இல்லாமல் 8 மெகாஹெர்ட்ஸ் ஓட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ரீசெட்டில் தானாக ஏறும் திருத்த எண் 1 மெகாஹெர்ட்ஸுக்கானது. 8 மெகாஹெர்ட்ஸுக்கான எண்ணைப் புரோகிராமரில் படித்து, நிரலின் தொடக்கத்தில் ஆஸ்கேல் ரெஜிஸ்டரில் நாமே எழுத வேண்டும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: 28 கால் சிப்பில் 7-ஆம் பின்னுக்கும் 8-ஆம் பின்னுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 20-க்கும் 22-க்கும் நடுவே இன்னொன்று, சிப்பை ஒட்டி. ரீசெட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோஓம். ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) பயன்படுத்தாவிட்டாலும் 20-ஆம் பின்னுக்கு 5 வோல்ட் கொடுத்தே ஆக வேண்டும். பிரெட்போர்டில் இந்தக் கெப்பாசிட்டர்களை விட்டுவிட்டு ‘சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நின்றுவிடுகிறது’ என்று நிரலைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

இனி மொழிக்குள் வருவோம். பட்டனைப் படிக்க ‘இஃப் போர்ட்டி.2 = 0’ என்று எழுதினால் பட்டன் ஒருபோதும் வேலை செய்யாது. போர்ட் என்பது நாம் வெளியே அனுப்ப எழுதி வைத்த மதிப்பு. பின்னில் உண்மையில் இருக்கும் நிலையைப் படிக்க ‘பின்டி.2’ என்றே எழுத வேண்டும். இன்புட்டாக வைத்த பின்னுக்குப் போர்ட்டில் 1 எழுதினால் உள் புல்-அப் (பின்னை மேல் நிலைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) இயங்கும் என்பதால் இரண்டு பெயரும் ஒரே நிரலில் வரும், குழப்பமும் கூடவே வரும். இன்புட்டுக்கு ‘ஸ்டார்ட்_பட்டன் அலியாஸ் பின்டி.2’ என்று தொடக்கத்திலேயே பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரை மட்டும் பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

கணக்கில் பேஸ்காமுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு: ஒரு வரியில் ஒரு செயல்தான். ‘ஏ = பி * சி’ எழுதலாம், அதன் வாலில் ‘+ டி’ சேர்க்க முடியாது; அதை அடுத்த வரியில் எழுத வேண்டும். மற்ற மொழிகளிலிருந்து வருவோர் இதைத் திட்டுவார்கள். ஆனால் சின்னச் சிப்பில் இது ஒரு வகையில் நல்லதே, எந்தப் படியில் எண் நிரம்பி வழிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஏடிசி எண்ணை மில்லிவோல்ட்டாக மாற்ற 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுக்கிறோம். ஏடிசி 1023 என்றால் பெருக்கல் 51,15,000. வேர்ட் மாறி 65,535-க்கு மேல் தாங்காது. வழிந்தது போக மீதி 3192, அதை வகுத்தால் 3. காட்ட வேண்டியது 4995 மில்லிவோல்ட், திரையில் தெரிவது 3. ஏடிசி 13 வரை விடை சரியாகவே வரும், 14-இலிருந்து தாறுமாறு. அதனால் மேசைச் சோதனையில் உள்ளீட்டைக் கிரவுண்டில் வைத்துப் பார்த்தவருக்குப் பிழை தெரியவே தெரியாது. மாறியை லாங் ஆக்குங்கள். சிங்கிள் என்ற தசம மாறிக்கு ஓடாதீர்கள், அதன் நூலகம் ஃப்ளாஷைத் தின்றுவிடும். இலவச டெமோ பதிப்பு 4 கிலோபைட்டோடு நின்றுவிடுவதால் அந்த இடம் அருமையானது. பைட் மாறியை வைத்து ‘ஃபார் ஐ = 0 டு 255’ எழுதினால் அது முடியவே முடியாது; 255-க்குப் பிறகு மீண்டும் பூஜ்யம் வந்துவிடும்.

பேஸ்காமில் அதிக நாள் தலைவலி கொடுப்பது ஸ்டாக். ‘டாலர் எச்டபிள்யூஸ்டாக்’, ‘டாலர் எஸ்டபிள்யூஸ்டாக்’, ‘டாலர் ஃப்ரேம்சைஸ்’ என்று மூன்று எண்கள். முதலாவது, கோசப்பும் (சப்ரூட்டினுக்குத் தாவும் கட்டளை) இன்ட்டரப்டும் (நிரலின் ஓட்டத்தை இடைமறிக்கும் அழைப்பு) திரும்பிவர வேண்டிய முகவரிகளை வைக்கும் இடம். ஒவ்வொரு கோசப்புக்கும் 2 பைட். இன்ட்டரப்ட் ஒன்று நுழைந்தால் ஏறக்குறைய எல்லா ரெஜிஸ்டர்களையும் அங்கே சேமிப்பதால் 32 பைட் அளவுக்கு வேண்டும். இரண்டாவதில், சப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒவ்வொரு லோக்கல் மாறிக்கும் 2 பைட் முகவரி உட்காரும். மூன்றாவதில் அந்த லோக்கல் மாறிகளின் மதிப்பும், பிரின்ட் செய்யும்போது எண்ணை எழுத்தாக மாற்றத் தேவையான இடமும். இவை போதாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரு ஸ்டாக் பக்கத்து மாறியின் மேல் எழுதிவிட்டுப் போகும். நேற்று ஓடிய நிரல் இன்று ஒரு எல்சிடி வரியைச் சேர்த்ததும் கிறுக்குப் பிடித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஏடிமெகா 8-இல் ராம் 1024 பைட்; 64, 32, 64 என்று வைத்தால் மொத்தம் 160. பெரும்பாலான நிரலுக்கு அது நல்ல தொடக்கம். கோளாறு வந்தால் மூன்றையும் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது, பிறகு பொறுமையாகக் குறைக்கலாம்.

நிரலின் முதன்மைப் பகுதி முடியும் இடத்தில் ‘எண்ட்’ இல்லையென்றால் ஓட்டம் நேராகக் கீழே இருக்கும் சப்ரூட்டினுக்குள் விழும். அங்கே ‘ரிட்டர்ன்’ வந்ததும் திரும்ப முகவரியே இல்லாமல் எங்காவது தாவும். சிப் தானாக ரீசெட் ஆவது போலத் தெரியும்.

இன்ட்டரப்டுக்குள் வெயிட்டும் பிரின்ட்டும் கூடாது. ஒரு பிட்டை 1 ஆக்கிவிட்டு வெளியே வாருங்கள், மற்றதை முதன்மை லூப் பார்த்துக்கொள்ளட்டும். 8 மெகாஹெர்ட்ஸில் டைமர் 1-க்கு பிரிஸ்கேல் (கடிகாரத்தை வகுக்கும் எண்) 256 கொடுத்தால் விநாடிக்கு 31,250 எண்ணிக்கை. ஒவ்வொரு முறையும் 34,286-ஐ ஏற்றினால் விநாடிக்கு ஒருமுறை இன்ட்டரப்ட் வரும். இன்ட்டரப்ட் மாற்றும் வேர்ட் மாறியை லூப்பில் படிக்கும் முன் ‘டிசேபிள் இன்ட்டரப்ட்ஸ்’, நகல் எடுத்ததும் ‘எனேபிள் இன்ட்டரப்ட்ஸ்’. இரண்டு பைட்டில் ஒன்றைப் படித்து முடித்த நேரத்தில் இன்ட்டரப்ட் புகுந்தால், பாதி பழசும் பாதி புதுசுமாக ஒரு எண் கையில் நிற்கும்.

ஈப்ராமில் எழுத ‘எராம்’ மாறி வசதியானது, அந்த வசதியே வினை. ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதும் வரைக்குமே உத்தரவாதம். லூப்பில் விநாடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். மதிப்பு மாறியபோது மட்டும் எழுதுங்கள். மின்சாரம் போகும் தருணத்தில் ஈப்ராம் கெடாமல் இருக்க, மின்னழுத்தம் குறைந்தால் சிப்பை ரீசெட்டில் நிறுத்தும் பிரவுன்-அவுட் ஃப்யூஸ் போட வேண்டும்: உள் 8 மெகாஹெர்ட்ஸ் ஏடிமெகா 8-இல் 2.7 வோல்ட்டுக்கு லோ ஃப்யூஸ் ஏ4, 4 வோல்ட்டுக்கு 24. 328பி-இல் அது எக்ஸ்டெண்டட் ஃப்யூஸில் இருக்கிறது, 2.7 வோல்ட்டுக்கு எஃப்டி. ஒவ்வொரு முறை நிரல் ஏற்றும்போதும் ஈப்ராம் அழியாமல் இருக்க ஹை ஃப்யூஸை டி9-இலிருந்து டி1 ஆக்க வேண்டும். அழிந்த ஈப்ராம் 255 என்று படிக்கும். தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் ஓடும் நேரத்தை அங்கே வைத்திருந்தால், 255 வந்ததா என்று பார்த்து, வந்தால் ஒரு பாதுகாப்பான எண்ணை எடுத்துக்கொள்ளும் வரியைச் சேருங்கள்.

மோட்டார் என்றதும் கடைசியாக ஒன்று. ரிலேயை ஓட்டும் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸை 17, 18, 19-ஆம் பின்களில் இணைக்காதீர்கள். நிரல் ஏற்றும்போது அந்தக் கம்பிகளில்தான் தரவு ஓடுகிறது. ரிலே படபடவென அடித்து, மோட்டார் விட்டுவிட்டு ஓடும். வேறு பின்னில் வைத்தாலும், ரீசெட் நேரத்தில் எல்லாப் பின்களும் மிதக்கும் இன்புட்டாக இருப்பதால், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ஒன்று போடுங்கள். ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, பட்டையுள்ள முனை பாசிட்டிவ் பக்கம்.