கம்போஸ்ட்: மட்குரமா, கூட்டெருவா?

ஒரு குடியிருப்பில் வீடு வீடாகச் சமையலறைக் கழிவை வாங்கி உரமாக்கலாம் என்று நாலு பேர் முடிவெடுத்தால், மறுநாளே ஓர் அறிவிப்பு எழுத வேண்டியிருக்கும். சொல் தகராறு அங்கேயே தொடங்கிவிடும். ‘கம்போஸ்ட் தொட்டி’ என்று எழுதலாம் என்பார் ஒருவர். ‘உரத்தொட்டி’ போதுமே என்பார் இன்னொருவர். ‘மக்கும் குப்பை’, ‘மட்கும் குப்பை’ இரண்டில் எது சரி என்று மூன்றாமவர் கேட்பார். இதை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தொட்டியின்மேல் இருக்கும் எழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே எதைப் போடலாம் என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்கிறார்கள்.

முதலில் கம்போஸ்ட். இதன் மூலம் லத்தீன். ‘கொம்’ என்றால் சேர்ந்து, ‘போனெரெ’ என்றால் வைத்தல். இரண்டும் கூடிய ‘கொம்போனெரெ’ என்பதற்குச் சேர்த்து வைத்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் அது உரத்தை மட்டும் குறிக்கவில்லை. பல பொருள் சேர்த்துச் செய்த தின்பண்டத்துக்கும் அதுவே பெயர். பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துச் செய்யும் இனிப்பை பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘கொம்போட்’ என்கிறார்கள். அந்த இனிப்புக் கிண்ணமும் நம் உரக்குழியும் பெயரளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

எருவுக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு சொல் ‘மென்யூர்’. அதன் மூலப்பொருள் கையால் வேலை செய்தல். முதலில் நிலத்தைப் பண்படுத்துவதைச் சொன்ன சொல், பிறகு நிலத்தில் இடும் பொருளுக்குப் பெயரானது. இரண்டு சொல்லும் மனிதன் என்ன செய்கிறான் என்பதைத்தான் சொல்கின்றன. சேர்த்து வைக்கிறான், கையால் வேலை செய்கிறான். வைத்த பிறகு குவியலுக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றி இரண்டும் வாய் திறப்பதில்லை.

தமிழ்ச் சொல் அதைச் சொல்கிறது. ‘மட்கு’ என்ற வினைக்கு ஒளி மங்குதல், வலிமை குன்றுதல் என்பவை பழைய பொருள்கள். பளபளவென்று இருந்த ஒன்று தன் நிறமும் உறுதியும் வடிவும் இழந்து மழுங்கிப் போவதுதான் மட்குதல். படிப்பில் மந்தமான பையனை ‘மக்கு’ என்று திட்டுவதிலும் அந்த மழுங்கல்தான் இருக்கிறது. (பாவம், உரத்தைப் பார்த்தால் அது திட்டாகத் தெரியவில்லை.) எழுத்தில் மட்கு, பேச்சில் மக்கு. உட்கார் என்பதை உக்கார் என்றும், வெட்கத்தை வெக்கம் என்றும் சொல்கிறோமே, அதே ஓசை மாற்றம்தான் இங்கேயும். எனவே ‘மக்கும் குப்பை’ என்று எழுதினால் பிழை என்று சிவப்பு மையைத் தூக்க வேண்டியதில்லை. நூலில், பாடத்தில், ஆவணத்தில் மட்கு. தொட்டியில் எது சட்டென்று புரியுமோ அது. மண்ணாவதால்தான் மட்கு என்று பெயர் வந்தது என்று விளக்கத் தோன்றும். ஓசை ஒத்திருக்கிறது என்பதற்காக வேரையே மாற்றிச் சொல்லக் கூடாது.

இந்த வினையில் எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு. மடங்கு–மடக்கு, உருகு–உருக்கு என்று தமிழில் பல வினைகளுக்குத் தன்வினையும் பிறவினையும் இணையாக இருக்கும். மட்குக்கு அப்படி ஓர் இணை இல்லை. நாம் நேரடியாக எதையும் மட்குவிக்க முடியாது. மட்க விடலாம், மட்க வைக்கலாம், அவ்வளவுதான். உண்மை நிலவரமும் அதுதான். வேலை செய்வது பாக்டீரியாவும் பூஞ்சையும். காற்றும் ஈரமும் சரியான கலவையும் கொடுப்பதோடு நம் பங்கு முடிந்தது.

அப்புறம், கெட்டுப்போவதற்குத் தமிழில் எத்தனை சொல் என்று பாருங்கள். சமைத்தது ஊசிப்போகும். மாவு புளிக்கும். பழம் அழுகும். துணி இற்றுப்போகும். மரம் உளுத்துப்போகும். இலை மட்கும். அழுகின சருகு, உளுத்த சோறு என்று யாரும் சொல்வதில்லை. எது எப்படிக் கெடுகிறது என்பதை மொழி தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. உரம் தயாரிப்பவருக்கு இதில் முக்கியமானது அழுகலும் மட்கலும். நாற்றமும் நீரும் வந்தால் அழுகல். நாற்றமில்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் மட்கல்.

அறிவியலும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. குவியலுக்குள் காற்று புகுந்தால், அந்தக் காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடும். போதிய அளவுள்ள குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். 70-ஐத் தாண்டினால் வேலை செய்யும் உயிர்களே மடியத் தொடங்கும். காற்று புக வழியில்லாமல் நீர் கோத்துக்கொண்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் ஆட்சிக்கு வருகின்றன. அப்போது ஹைட்ரஜன் சல்பைடின் அழுகின முட்டை நாற்றம் கிளம்பும், மீத்தேனும் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக் கூடியது. சமையலறைக் கழிவைக் குப்பைமேட்டில் புதைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். குப்பைமேட்டில் புதைத்தால் அழுகும், குவித்துக் கிளறிவிட்டால் மட்கும். நன்றாக மட்கியதில் மழை பெய்த மண்ணின் வாசம் வரும். ஆக்டினோமைசீட் வகை பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அந்தச் சேர்மத்துக்கு ஜியோஸ்மின் என்று பெயர். கிரேக்க வேர்களைப் பிரித்துப் பார்த்தால் அதற்கும் மண்வாசனை என்றே பொருள்.

போக்காஷி என்று ஜப்பானிலிருந்து வந்த வாளி முறையைப் பலரும் கம்போஸ்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் மூடி இறுக்கமாக இருக்கும், காற்றே புகாது, உள்ளே நடப்பது நொதித்தல். அதை மட்குதல் என்று சொல்லக் கூடாது. புளிக்க வைத்த அந்தக் கழிவு மண்ணில் புதைந்த பிறகுதான் மட்கத் தொடங்கும்.

சரி, மட்குவது வினை. கிடைக்கும் பொருளுக்குப் பெயர்? மட்கிய உரம், மக்கு உரம், மட்குரம், கூட்டுரம், கூட்டெரு, குப்பை உரம் என்று பல புழக்கத்தில் இருக்கின்றன. இலங்கைத் தமிழில் உரத்தைப் பசளை என்பார்கள். அங்கே கூட்டெரு, கூட்டுப்பசளை இரண்டும் வழங்குகின்றன. இயற்கை உரத்துக்குப் பொதுப்பெயர் சேதனப் பசளை.

கூட்டெரு அழகான சொல். லத்தீன் மூலத்தின் ‘சேர்த்து வைத்தல்’ அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் தமிழ்க் ‘கூட்டு’க்கு லத்தீனில் இல்லாத இன்னொரு பொருளும் உண்டு: வாசலைக் கூட்டுவது. கூட்டிச் சேர்த்ததிலிருந்து வந்த எரு என்றும் கூட்டெருவுக்கு விளக்கம் சொல்லலாம். யோசித்துப் பார்த்தால் கணக்குப் பாடத்தின் நான்கு செயல்களும் குப்பை வேலையில் இருக்கின்றன. வீட்டைக் கூட்டுகிறோம், பெருக்குகிறோம், வேண்டாததைக் கழிக்கிறோம், வகை வகையாக வகுக்கிறோம். கழிப்பதிலிருந்துதான் கழிவு வந்தது. குப்பை என்பதற்கும் முதற்பொருள் குவியல்தான். நெற்குப்பை என்றால் நெற்குவியல், அதில் இழிவு ஒன்றும் இல்லை. குவிந்து கிடந்ததால் குப்பையானது, பிறகுதான் வேண்டாதது என்ற பொருள் ஏறியது.

எரு இவற்றுள் பழைய சொல். திருக்குறளில் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறளில் வருகிறது. 1038-ஆம் குறள் ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்கிறது. அதற்கு முந்தைய குறள், உழுத புழுதியை நன்றாகக் காயவிட்டால் ‘பிடித்தெருவும்’ வேண்டாம் என்கிறது. ஒரு பிடி எருகூடத் தேவையில்லையாம். ஆனால் எரு என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது சாணம். எருமுட்டை, எருவாட்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. காய்த்தோலும் சருகும் மட்டும் போட்டுச் செய்ததை எரு என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

உரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உரம் என்றால் வலிமை. நெஞ்சுரம், உரமேறிய கட்டை என்று இன்றும் சொல்கிறோம். நிலத்துக்கு வலு சேர்ப்பது உரமானது. குறை ஒன்றுதான்: தொழிற்சாலையில் செய்த ரசாயனமும் அதே பெயரில் விற்பனையாகிறது. எனவே வெறும் உரம் என்றால் போதாது, அடைமொழி சேர்த்தே தீர வேண்டும். கூட்டுரம் என்றால் பல ரசாயனங்களைக் கலந்த கலப்பு உரத்தோடு குழப்பம் வரும்.

ஆகவே என் ஓட்டு மட்குரத்துக்கு. மட்கு, உரம் இரண்டும் சேர்ந்தால் இலக்கணப்படி மட்குரம், இது வினைத்தொகை. குடிநீர் என்றால் குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கும் இல்லையா? மட்குரத்திலும் அப்படித்தான். ஒரு குவியலை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பாருங்கள். மேலே நேற்றுப் போட்ட தோல், ஓரம்கூடச் சுருங்காமல் இருக்கும். ஒரு சாண் கீழே ஆவி பறக்கும். துண்டுகளின் மேல் சாம்பல் வெள்ளையில் நுண்ணுயிர்கள் நூல் நூலாகப் படர்ந்திருக்கும். அடியில் கரும்பழுப்புத் துகள். எது தோல், எது இலை என்று சொல்ல முடியாது, முட்டை ஓடு மட்டும் அங்கங்கே அடையாளம் காட்டும். மட்கும், மட்குகின்ற, மட்கிய உரம் மூன்றும் ஒரே வெட்டில் அடுக்காக நிற்கின்றன.

உள்ளே போடுவதற்கும் சொல் வேண்டும். ஆங்கில வழிகாட்டிகள் பச்சை, பழுப்பு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. நைட்ரஜன் மிகுந்தது பச்சை, கார்பன் மிகுந்தது பழுப்பு. இரண்டையும் கலந்து, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருக்கும்படி வைப்பது இலக்கு. இந்த வண்ணப் பெயர்களை அப்படியே தமிழில் எழுதியதால் வந்த குழப்பம் கொஞ்சமல்ல. காப்பித்தூள் சக்கையின் நிறம் பழுப்பு, கணக்கிலோ அது பச்சை. பிறகு எப்படிப் புரியும்? நம்மிடம் தழை, சருகு என்று இரண்டு சொல் தயாராக இருக்கின்றன. ஈரப்பதமுள்ளது தழைப் பங்கு, காய்ந்தது சருகுப் பங்கு. காகிதம், அட்டை, மரத்தூள் எல்லாம் சருகோடு சேரும். நாற்றம் வந்தால் சருகைக் கூட்டு, சூடே ஏறாவிட்டால் தழையைக் கூட்டு என்றால் குழந்தைக்கும் விளங்கும். ஈரம் 50 முதல் 60 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதற்கு அளவுமானி தேவையில்லை. குறள் சொன்ன அதே ஒரு பிடி அளவை எடுத்து இறுக்கிப் பிழிந்தால், விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

வீட்டிலிருந்து வாங்குவதை ‘உணவுக் கழிவு’ என்பதா, ‘சமையலறைக் கழிவு’ என்பதா? ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது; அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு வீடுகளில். அந்தக் கணக்கில் தின்ன முடியாத தோலும் எலும்பும் கொட்டையும் அடக்கம். ஆனால் தமிழில் உணவுக் கழிவு என்று படிப்பவருக்குத் தோன்றுவது தட்டில் மீந்த சோறுதான். வெங்காயத் தோல் அவர் நினைப்பில் வருவதில்லை. அதனால் சமையலறைக் கழிவே மேல். மீந்த சோற்றை மிச்சம் என்றே சொல்ல வேண்டும். மிஞ்சியது மிச்சம், இன்னொருவர் சாப்பிடலாம். அதைக் கழிவு என்று எழுதிவிட்டால் தொட்டிக்குத்தான் போகும்.

கடைசியாக ஒரு சொல் உண்மையிலேயே வம்பு செய்கிறது: ‘மக்கும் பை’. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தனிச் சொற்கள் உண்டு. ஒன்று ‘பயோடிகிரேடபிள்’: எப்போதாவது, எங்கேயாவது நுண்ணுயிரால் சிதையக்கூடியது. மற்றொன்று ‘கம்போஸ்டபிள்’: குறித்த காலத்துக்குள், குறித்த சூழலில் உரமாகக்கூடியது. தமிழில் இரண்டுக்கும் மக்கும் என்றே போட்டுவிடுகிறோம். இரண்டாவது வகைக்கு ஐரோப்பாவில் ஈஎன் 13432 என்ற தர அளவை இருக்கிறது. அதன்படி ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. இந்தச் சோதனை பெரிய உர ஆலையின் சூட்டை ஒட்டி நடத்தப்படுகிறது. வீட்டு மாடித் தொட்டி அவ்வளவு சூடாவதே இல்லை. ஆலையில் மட்கும் பை வீட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் முழுசாகக் கிடப்பது இதனால்தான். முதல் வகைக்குச் ‘சிதையும்’, இரண்டாவதற்கு ‘ஆலையில் மட்கும்’, வீட்டுக் குவியலுக்கே போதுமானதற்கு ‘வீட்டில் மட்கும்’ என்று பிரித்து எழுதலாம்.

அறிவிப்பில் நான் எழுதச் சொல்வது இது: கழிவு வாங்கும் வாளியின்மேல் ‘மட்கும் சமையலறைக் கழிவு’, பக்கத்தில் காய்ந்த இலை சேர்க்கும் கூடையின்மேல் ‘சருகு’, ஆறிய பிறகு திரும்பக் கொடுக்கும் மூட்டையின்மேல் ‘மட்குரம்’. பைக்குத் தனி வரி: ‘பை போட வேண்டாம், கொட்டிவிட்டு வாளியை எடுத்துச் செல்லவும்.’