தங்குவீடு என்று எழுதுங்கள், ‘படுக்கை மற்றும் காலை உணவு’ வேண்டாம்

சுவாமிமலைப் பக்கம் என் அத்தை வீட்டு மாடியில் இரண்டு அறைகள் காலியாகக் கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்களுக்கும் தாராசுரம் பார்க்க வருகிறவர்களுக்கும் அந்த அறைகளைக் கொடுத்து, காலையில் பலகாரமும் போட்டு அனுப்பலாம் என்று போன வருடம் அத்தையும் மாமாவும் முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். வெளியே வைக்கும் போர்டுக்காக மாமா பிளக்ஸ் கடையில் ஆங்கிலத்தில் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைப் பையன் அதைக் கைபேசியில் போட்டு, வந்த தமிழை அப்படியே பெரிய எழுத்தில் அடித்துவிட்டான்: ‘படுக்கை மற்றும் காலை உணவு’.

முதல் வாரமே ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தி இலவம்பஞ்சு மெத்தை என்ன விலை என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஒரு அம்மா வந்து, உடம்பு முடியாத பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடமா என்று விசாரித்துவிட்டுப் போனார். “தமிழ்லதானே தம்பி எழுதியிருக்கு, ஏன் யாருக்கும் புரியல?” என்று அத்தை போனில் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு பார்த்தால் இந்தத் தொடர் எல்லா இடத்திலும் இருக்கிறது. அறை பதிவு செய்கிற செயலிகளில், சுற்றுலாக் கட்டுரைகளில், செய்திகளில்கூட.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஒரு குடும்பம் தான் குடியிருக்கிற வீட்டிலேயே ஓரிரு அறைகளை வழிப்பயணிகளுக்கு இரவுக்குக் கொடுத்து, காலையில் சாப்பாடும் போட்டு அனுப்புகிற வழக்கத்துக்கு வந்த பெயர் இது. இங்கே ‘பெட்’ என்பது கட்டிலும் அல்ல, மெத்தையும் அல்ல, ராத்தங்கல். ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பது இரவெல்லாம் சாப்பிடாமல் இருந்த நோன்பை முறிப்பது. வாடகையில் என்னென்ன அடக்கம் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது.

தமிழில் ‘படுக்கை’ என்று தனியாகச் சொன்னால் காதில் என்ன விழுகிறது? நூறு படுக்கை மருத்துவமனை, படுத்த படுக்கை, மரணப் படுக்கை, படுக்கைப் புண். பெரும்பாலும் நோயோடு ஒட்டிக்கொண்டுவிட்ட சொல் இது. இல்லையென்றால் சினிமாவில் வருகிற படுக்கையறைக் காட்சி. ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலில் எழுதி மாட்டுகிற சொல்லா இது? சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து ‘படுக்கை இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ராத்தங்கிட்டுக் காலையில போங்க’ என்றுதான் சொல்கிறோம். அந்த ‘தங்கு’ நம் வாயிலேயே இருக்கும்போது அகராதியில் முதலில் வருகிற சொல்லை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது.

அப்புறம் இந்த ‘மற்றும்’. படுக்கையைவிட எனக்கு இதுதான் பெரிய கோபம். தொல்காப்பியத்தில் இடைச்சொற்களைப் பற்றிய பகுதியான இடையியல் ‘மற்று’ என்ற சொல்லுக்கு வினைமாற்று (சொல்லிய செயலை மாற்றி வேறொன்றைச் சொல்வது), அசைநிலை (தனிப்பொருள் இல்லாமல் நிற்பது) என்று இரண்டே வேலைதான் கொடுக்கிறது. ‘மற்றும் பலர்’ என்றால் வேறு பலரும் என்று அர்த்தம், அது சரி. ஆனால் இரண்டு பொருள்களைக் கோக்க நம்மிடம் ‘உம்’ இருக்கிறது, அதே இடையியல் உம்மையின் எட்டுப் பொருள்களில் எண்ணுதலையும் ஒன்றாக வைத்திருக்கிறது. இட்லியும் சட்னியும் என்கிறோம், அத்தையும் மாமாவும் என்கிறோம். அதுகூட வேண்டாம் என்றால் உம்மையை மறைத்து வெற்றிலைபாக்கு, காய்கறி, தாய்தந்தை என்று சேர்த்துவிடுகிறோம். இவ்வளவு வசதி இருந்தும் ஆங்கிலத்தில் ‘அண்ட்’ வருகிற இடத்திலெல்லாம் யோசிக்காமல் ‘மற்றும்’ போடுகிறார்கள். ரேஷன் கடை அறிவிப்பிலிருந்து பள்ளிக்கூட அழைப்பிதழ் வரைக்கும் அதுதான். மொழிபெயர்க்கிறவர் ஆங்கில வாக்கியத்தைப் படித்து, அதை மூடி வைத்துவிட்டு, இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும், இந்த ‘மற்றும்’ தானாக உதிர்ந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் கொடுப்பதில்லை.

சொல்லுக்குச் சொல் வைத்தால்தான் சரியான மொழிபெயர்ப்பு என்று வாதாடுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். நம் ஊர்களில் பழைய ஓட்டல்களின் பெயர்ப்பலகையில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று இருக்கும். அந்த ‘போர்டு’ முதலில் சாப்பாட்டு மேசைப் பலகை, பிறகு அதன்மேல் வைத்த சாப்பாட்டுக்கே பெயராகிவிட்டது. அதைத் தமிழில் ‘பலகை மற்றும் தங்கல்’ என்றா எழுதினோம்? பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கு ‘உண்டு உறைவிடப் பள்ளி’ என்று பெயர் வைத்த அந்தக் கை யாருடையதோ, அதற்கு நான் கும்பிடு போடுவேன். உண்பதும் உறைவதும் இரண்டே சொல்லில், ‘மற்றும்’ இல்லாமல், கேட்டவுடன் புரிகிற மாதிரி. ‘உண்டுறைவீடு’ என்று அந்த வழியிலேயே போகலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். மூன்று வேளையும் சாப்பிட்டு மாதக்கணக்கில் இருக்கிற இடம் என்ற எண்ணம் வருவதால் நான் அதை விட்டுவிட்டேன்.

மற்றப் போட்டிச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘ஹோம்ஸ்டே’ என்பதை ‘வீட்டுத் தங்கல்’ என்று எழுதுகிறார்கள். தங்கல் என்பது செயல், இடம் அல்ல. ‘வீட்டுத் தங்கலில் தங்கினேன்’ என்று யாரால் பேச முடியும்? ‘விருந்தினர் இல்லம்’ தப்பில்லை, ஆனால் இன்று ‘இல்லம்’ என்றால் முதியோர் இல்லம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது, ‘விருந்தினர் மாளிகை’ என்றால் அரசாங்க அதிகாரிகள் இறங்குகிற இடம். ‘சத்திரம்’ வடமொழி ‘சத்திர’த்திலிருந்து வந்தது, இலவசமாகச் சோறு போடுகிற இடம். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அப்படித்தான், வழிப்போக்கர்களுக்குச் சோறும் தங்க இடமும் சும்மா கிடைத்தது. காசு வாங்குகிற இடத்துக்கு அந்தப் பெயரை வைப்பது பொருந்தாது. போதாததற்கு இப்போது சத்திரம் என்றால் கல்யாண மண்டபம்.

‘விருந்து’ என்ற சொல்தான் என்னை நிறைய நேரம் பிடித்து வைத்திருந்தது. விருந்து என்றால் புதுமை. உறவுக்காரர் அல்லாத, புதிதாக வந்த ஆளையே விருந்து என்றார்கள். ‘செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்’ என்ற குறளில் வருகிற விருந்து ஆள்தான், சாப்பாடு இல்லை. அத்தை வீட்டு மாடிக்கு வருகிறவரும் முன்பின் தெரியாத ஆள்தான். வெளிநாட்டுக்காரராக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் பதிய வேண்டும் என்கிற அளவுக்குப் புதியவர். ஆனால் ‘விருந்துவீடு’ என்று எழுதினால் இன்றைக்கு எல்லோரும் இலை போட்டுப் பாயசத்தோடு சாப்பாடு நடக்கிற வீடு என்றுதான் நினைப்பார்கள். என் அப்பாயி இன்னொன்றும் சொன்னார்: “விருந்துன்னு எழுதிட்டுக் காசு வாங்கக் கூடாது.” அதற்கு மேல் நான் பேசவில்லை.

‘ஜாகை’ எனக்குப் பிடித்த சொல். எங்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை இறக்குகிற வீட்டுக்கு அதுதான் பெயர். பாரசீகத்திலிருந்து வந்தது என்பதால் அதை ஒதுக்க மாட்டேன், நம் மண்ணில் பல தலைமுறை புழங்கிய சொல் அது. இளையவர்களுக்கும் வெளி மாவட்டத்துக்காரர்களுக்கும் தெரியாது என்பதுதான் தடை. தூய்மையைவிட எனக்குத் தெளிவு முக்கியம். தூய்மையாகவும் இருந்து தெளிவாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

அப்படி ஒரு சொல் இருக்கிறது என்றே நினைக்கிறேன்: தங்குவீடு. கடற்கரைக்காரர்கள் பல நாள் கடலிலேயே இருந்து மீன் பிடிப்பதைத் ‘தங்குகடல்’ என்கிறார்கள். தங்குவீடும் அதே மாதிரிதான், ஊறுகாய் போல வினைத்தொகை. தங்கிய வீடு, தங்குகிற வீடு, தங்கும் வீடு, மூன்று காலமும் அதில் அடங்கும். லாட்ஜை ஏற்கனவே ‘தங்கும் விடுதி’ என்கிறோம், அதிலிருந்து இதைப் பிரிப்பது ‘வீடு’ என்ற ஒரே சொல். விடுதியும் வீடும் ‘விடு’ என்ற ஒரே வேரில் பிறந்தவைதான், ஆனால் வீட்டில் அடுப்பு எரியும், வீட்டுக்காரர் இருப்பார். இப்படி வீட்டு அறைகளைப் பயணிகளுக்குக் கொடுப்பதற்கான மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது: ஒன்றிலிருந்து ஆறு அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். படுக்கை என்ற சொல்லுக்கு அங்கே இடம் உண்டு, எண்ணிக்கை சொல்ல. பெயராக அல்ல.

தங்குவீட்டில் காலை உணவு எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் தங்க வைத்துவிட்டுக் காலையில் காபிகூடக் கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் காவிரிக் கரையில் கிடையாது, அதனால் பெயரில் அதைத் திணிக்க வேண்டியதில்லை. வாடகைக் கணக்கு தெரிய வேண்டும் என்றால் கீழே இரண்டாவது வரியில் எழுதிக்கொள்ளலாம். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம், அதற்குள் இந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் மாடி அறைக்குப் போர்டு மாட்டுவார்கள். அதற்கு முன்னால் இந்தச் சொல் பரவ வேண்டும் என்பது என் ஆசை.

அத்தை வீட்டில் பழைய பிளக்ஸைக் கழற்றியாகிவிட்டது. புதியதில் நான் ‘காலைப் பலகாரம்’ என்று எழுதச் சொன்னேன், பலகாரம் என்றால் தீபாவளி முறுக்கு, அதிரசம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அத்தை மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. இப்போது வாசலில் இருப்பது இதுதான்: தங்குவீடு, இரண்டு அறைகள், காலை டிபன் உண்டு.