காசு கேட்பதற்கும் காசா?

"பெரிய ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கத் தயாராவதற்கென்றே பல்கலைக்கழகங்கள் மருத்துவ ஆய்வாளர்களுக்குச் சிறு நல்கை கொடுக்கின்றனவாமே, காசு கேட்பதற்கும் காசா?" என்று முதுகலை மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். எரிச்சல் நியாயமானதுதான். ஆனாலும் என்னைக் கேட்டால், அந்தப் பணம் வாங்கித் தருகிற ஒரே ஓர் எண்ணுக்காகவே அதைக் கொடுக்கலாம்.

ஏற்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உதவியாளர் சம்பளம், பரிசோதனைச் செலவு, புள்ளியியலாளரின் நேரம், நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு அலைவது எல்லாம் இதில் அடங்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் 'ஆர்03' நல்கையில் ஆய்வின் நேரடிச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை இரண்டாண்டுகளுக்குக் கிடைக்கும். அதே நிறுவனத்தின் பெரிய நல்கையான 'ஆர்01' ஐந்தாண்டு வரை நீளும்.

இனி அந்த எண். புதிய மருந்தொன்று ரத்த அழுத்தத்தைப் பழைய மருந்தைவிட 5 மி.மீ. கூடுதலாகக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குழு என்றால், குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும்? புள்ளியியலாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் திட்ட விலக்கத்தை, நாம் தேடும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16ஆல் பெருக்க வேண்டும். இல்லாத விளைவை இருப்பதாக எண்ணிவிட 5 சதவீதமும், இருக்கும் விளைவைத் தவறவிட 20 சதவீதமும் இடம் கொடுத்துப் போட்ட கணக்கு இது.

திட்ட விலக்கம் 10 என்றால், 10ஐ 5ஆல் வகுத்தால் 2, வர்க்கம் 4, குழுவுக்கு 64 பேர். அதுவே 15 என்றால் 3, வர்க்கம் 9, குழுவுக்கு 144 பேர். சிதறல் ஒன்றரை மடங்குதான் கூடியது. ஆட்களோ இரண்டேகால் மடங்கு. ஐந்தில் ஒருவர் பாதியில் விலகிவிடுவார் என்று வைத்தால் 144 என்பது 180 ஆகிறது. 128 பேருக்குப் பணம் கேட்டு வாங்கிவிட்டு 360 பேர் தேவைப்படும் ஆய்வை நடத்தப் போகிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அந்த வர்க்கக்குறி இரக்கமே இல்லாதது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

சரி, நான் சொன்ன அந்த எண்ணுக்கு, அதாவது திட்ட விலக்கத்துக்கு எங்கே போவது? வெளியான கட்டுரைகளில் இருப்பது வேறு நோயாளிகளுடையது, வேறு கருவியில் எடுத்தது. அதனால்தான் சிறு நல்கைப் பணத்தில் முதலில் சிலரை மட்டும் அளந்து பார்க்கும் முன்னோட்ட ஆய்வு. குழுவுக்கு 12 பேர் போதும் என்று 2005இல் ஸ்டீவன் ஜூலியஸ் சொன்ன விதியைப் பலரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 12 பேரை மட்டும் அளந்து 12 என்ற விலக்கம் கிடைத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மை 8.5க்கும் 20.4க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பதுதான். அதாவது குழுவுக்கு 46 பேரும் போதலாம், 266 பேரும் தேவைப்படலாம்! 30 பேரை அளந்து அதே விலக்கம் கிடைத்தால் இது ஏறக்குறைய 58க்கும் 167க்கும் இடையே சுருங்கும். சிறு நல்கையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுங்கள் என்று நான் வாதாடுவது இதற்காகத்தான்.

முன்னோட்ட ஆய்வில் "மருந்து வேலை செய்கிறதா" என்று பார்ப்பதோ சகுனம் பார்ப்பதற்குச் சமம். குழுவுக்கு 12 பேர், விலக்கம் 10 என்றால், உண்மையில் 5 மி.மீ. குறைக்கும் மருந்து 13 குறைப்பதாகவும் தெரியலாம். பழைய மருந்தைவிட மோசமாகவும் தெரியலாம். 13 வந்தவர் உற்சாகமாக விண்ணப்பிப்பார், மற்றவர் கைவிடுவார். இப்படி அதிர்ஷ்டம் சலித்தெடுத்த ஊகங்களின்மேல் எழும் பெரிய ஆய்வுகள் பின்னால் சரிவதில் வியப்பென்ன? ஜாதகத்தைக் கேலி செய்கிற ஆய்வாளர்களும் இந்தச் சகுனத்தை நம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் கிடைப்பார்களா என்பதை மட்டும் முன்னோட்டம் ஓரளவு நேர்மையாகவே சொல்லிவிடும். ஆய்வு தொடங்கியதும் தகுதியான நோயாளிகள் மாயமாய்க் குறைவார்கள், முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது மருந்தியலாளர் லூயிஸ் லசாக்னாவின் பெயரால் வழங்கும் பழைய வேடிக்கை விதி. வேடிக்கை என்றாலும் பலருக்கு அனுபவம்.

ஆஸ்திரேலியாவில் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு 2012இல் வந்த 3,700க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் தயாரிக்க மொத்தம் சுமார் 550 ஆண்டு உழைப்பு செலவானதாக மதிப்பிட்டார்கள். ஐந்தில் நான்குக்கு நிதி கிடைக்கவில்லை. ஆறு மாதம் முயன்றும் எட்டுப் பேர்தான் சேர்ந்தார்கள் என்று கண்டு, பெரிய விண்ணப்பமே போடாமல் நிறுத்திக்கொள்கிற ஆய்வாளர் இந்தச் செலவில் தன் பங்கை மிச்சப்படுத்துகிறார். அவருக்குக் கொடுத்த சிறு நல்கை வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆனால் நான் பார்த்த இறுதி அறிக்கைப் படிவங்களில் "பெரிய நிதி கிடைத்ததா?" என்று ஒரு கட்டம் இருந்தது, "விண்ணப்பிக்காமல் விட்டது ஏன்?" என்று கேட்கும் கட்டம் இல்லை.